பிஇஐ ஷீட்டை பெட்டில் நிறுத்த எது சரி: டிரான்ஸ்ஃபர் டேப்பா, டபுள் சைடா, கிளிப்பா, காந்தமா?

ஓசூர் சிப்காட் பக்கம் ஏபிஎஸ்ஸில் (அதிகச் சூடு கேட்கும் பிளாஸ்டிக்) ஜிக், அதாவது வேலைப்பொருளைப் பிடித்து நிறுத்தும் சாதனம், அடிக்கிறவர்களும் சரி, தர்மபுரியில் வீட்டிலேயே பிஎல்ஏவில் (குறைந்த சூடு போதுமான பிளாஸ்டிக்) பெயர்ப்பலகை அடிக்கிறவர்களும் சரி, 3டி பிரிண்டர் பெட்டின் (பொருள் உருவாகும் சூடான தட்டு) மேல் பிஇஐ ஷீட்டை (அடிக்கும் பொருள் நழுவாமல் ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் ஷீட்) எதை வைத்து நிறுத்துவது என்ற கேள்விக்கு வந்துதான் ஆகவேண்டும். என் ஓட்டு டிரான்ஸ்ஃபர் டேப்புக்கு, ஆனால் எல்லாருக்கும் அது தேவைப்படாது.

ஸ்டேஷனரி கடை டபுள் சைடு டேப்பைத் தொடவே வேண்டாம். நடுவில் ஃபோம் இருந்தால் பெட் சூடு மேலே ஏறாது, மெல்லிய வகை என்றால் ஏபிஎஸ் சூட்டில் பசை இளகி ஓரம் தூக்கிக்கொள்ளும். பட்டை பட்டையாக ஒட்டும்போது இரண்டு பட்டை சேரும் இடத்தில் வரும் மேடு, 0.2 மி.மீ. தடிமனுள்ள முதல் லேயரில் அப்படியே தெரியும்.

டிரான்ஸ்ஃபர் டேப்பில் நடுவில் எதுவும் கிடையாது, லைனர் காகிதத்தின் மேல் வெறும் அக்ரிலிக் பசைதான். த்ரீஎம் 468எம்பி 0.13 மி.மீ. தடிமன், 467எம்பி அதில் பாதிகூட வராது. அலுமினிய பெட்டில் மெஷினிங் கோடுகள் இருக்கும், அவை நிரம்பத் தடிமன் வேண்டும் என்பதால் 468ஐயே வாங்குங்கள், அதுவும் பெட் அளவுக்கு ஒரே ஷீட்டாக. நீண்ட நேரத்துக்கு 149 டிகிரி, கொஞ்ச நேரத்துக்கு 204 டிகிரி வரை தாங்கும், ஏபிஎஸ்ஸுக்கு பெட் 110 டிகிரி போனாலும் கவலையில்லை.

இன்னொரு விஷயம், பலரும் யோசிக்காதது. 300 மி.மீ. பெட் 25 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்கு ஏறினால் அலுமினியம் அரை மி.மீ. நீளும், பிஇஐ ஒன்றேகால் மி.மீ. நீளப் பார்க்கும். ஃபெவிக்விக் மாதிரி கெட்டியாகிவிடும் பசை இந்த இழுபறியில் விட்டுவிடும். அக்ரிலிக் பசை கூடவே கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும்.

ஒட்டும்போதுதான் பொறுமை வேண்டும். கிருஷ்ணகிரியில் கிரானைட் பட்டறைப் பக்கம் வீடு என்றால் ஜன்னலைச் சாத்திவிட்டு, ஃபேனை நிறுத்திவிட்டு, ஐபிஏவால் (ஐசோபுரோபைல் ஆல்கஹால்) பெட்டையும் ஷீட்டின் அடிப்பக்கத்தையும் துடைத்த பிறகு ஆரம்பியுங்கள், ஏனென்றால் ஒரு தூசி மாட்டினாலும் அதைச் சுற்றி ஒரு குமிழி நிற்கும், அந்த இடத்தில் நாசில் (உருகிய பிளாஸ்டிக் வரும் முனை) உரசும். லைனரை முழுக்க உரிக்காதீர்கள், ஒரு ஓரத்தில் இரண்டு விரல் அகலம் உரித்து ஒட்டி, ரோலரை அழுத்தித் தள்ளிக்கொண்டே மீதியை உரித்து வாருங்கள். ஓசூர் மார்கழிக் காலையில் வேண்டாம், பசைக்கு 21 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் நன்றாகப் பிடிக்கும். முழுப் பிடிப்பு வர 72 மணி நேரம் ஆகும், அதுவரை பெட்டைச் சூடாக்காமல் விடுவது நல்லது.

கண்ணாடித் தட்டு வைத்திருப்பவர்களுக்கு பைண்டர் கிளிப் போதும், செலவும் இல்லை. ஆனால் மெல்லிய பிஇஐ ஷீட்டை ஓரத்தில் மட்டும் கிளிப் போட்டுப் பிடித்தால் நடுவில் உப்பிக்கொள்ளும்.

பிஎல்ஏ மட்டும் அடித்து, தினம் நாலைந்து பொருள் எடுக்கிறவர்கள் பெட்டில் ஒட்டும் காந்த ஷீட்டும் அதன் மேல் நிற்கும், பிஇஐ பூசிய ஸ்பிரிங் ஸ்டீல் தட்டும் வாங்கிவிடுங்கள், தட்டை வளைத்தால் பொருள் தானாகக் கழன்று வரும், அந்தச் சுகம் டேப்பில் கிடையாது. ஏபிஎஸ் சூட்டில் மாதக்கணக்கில் ஓட்டினால் காந்தம் பலம் இழக்கும். அந்தக் காந்த ஷீட்டை பெட்டில் பிடித்திருப்பதும் இதே மாதிரி ஒரு பசைதான், அதனால் மேலே சொன்ன துடைப்பும் ரோலரும் அங்கேயும் உண்டு.

ஷீட் தேய்ந்து கழற்ற வேண்டுமென்றால் பெட்டை நன்றாகச் சூடாக்கி, கையுறை போட்டு, ஒரு மூலையிலிருந்து மெதுவாக இழுங்கள். பவரை அணைத்து, பெட் முழுசாக ஆறிய பிறகு மிச்சப் பசையை ஐபிஏ விட்டு ஊறவைத்து பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால் சுரண்டலாம்.