பதினான்கு மாத அயஸ்கிருதி: வயிறு கேட்டது, ரத்தம் கேட்கவில்லை

அயஸ்கிருதி என்ற ஆயுர்வேத அரிஷ்டத்தை, அதாவது மூலிகைக் கஷாயத்தைப் புளிக்க வைத்துச் செய்யும் மருந்தை, குடிக்க ஆரம்பித்துப் பதினான்கு மாதம் முடிந்துவிட்டது. "ரத்தம் ஊற நல்லதாமே, வாங்கலாமா?" என்று தெரிந்தவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் அரைமணி நேரம் போனில் சொல்வதைவிட முழுசாக எழுதிவிடலாம் என்று தோன்றியது. எடுத்த எடுப்பிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: ரத்தம் ஊற வேண்டும் என்பது மட்டும்தான் உங்கள் தேவை என்றால், இது அதற்கான மருந்து இல்லை. எனக்கு இது புரிய ஐந்து மாதம் ஆனது.

எனக்கு வயது 46. பாலக்காடு மாவட்டம் சித்தூர் பக்கம் வீடு. இங்கே தமிழ்க் குடும்பங்கள் நிறைய. பேச்சு தமிழ், வைத்தியம் மட்டும் மலையாள வழி. காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரி, வயிறும் மூட்டும் என்றால் வைத்தியசாலை என்றே வளர்ந்தவள் நான். போன வருடம் ஜனவரியில் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது, முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது, மதியம் மூன்று மணிக்கு மேசையில் தலை சாய்ந்துவிடும். பரிசோதனை செய்ததில் ஹீமோகுளோபின் 10.2, உடம்பின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 8. மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டும் ஏ1சி 6.4, வெறும் வயிற்றுச் சர்க்கரை 108. எடை 76 கிலோ, இடுப்பு 98 சென்டிமீட்டர். அதாவது ரத்தசோகையும் இருக்கிறது, சர்க்கரை நோயின் வாசற்படியிலும் நிற்கிறேன்.

டாக்டர் இரும்பு மாத்திரை கொடுத்தார். பத்து நாளில் மலச்சிக்கலும் வயிற்றெரிச்சலும் தாங்க முடியாமல், அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நானாகவே நிறுத்திவிட்டேன். அதுதான் நான் செய்த முதல் தப்பு. வைத்தியசாலைக்குப் போனபோது அதையும் மறைத்தேன், அது இரண்டாவது. வைத்தியர் நாடி பார்த்து, நாக்கைப் பார்த்து, சர்க்கரை ரிப்போர்ட்டையும் இடுப்பளவையும் குறித்துக்கொண்டு அயஸ்கிருதி எழுதினார். காலையும் இரவும் சாப்பிட்ட பிறகு 20 மில்லி, அதே அளவு வெந்நீர் கலந்து.

பெயரைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம். அயஸ் என்றால் இரும்பு. மாத்திரைக்குப் பதில் இரும்பு அரிஷ்டம், வயிற்றையும் படுத்தாது, வேறென்ன வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் வாக்படரின் பழைய ஆயுர்வேத நூலான அஷ்டாங்க ஹிருதயத்தில் இது வருவது பாண்டு, அதாவது ரத்தசோகை சொல்லும் இடத்தில் இல்லை, பிரமேக சிகிச்சை, அதாவது சர்க்கரை நோயும் சேர்ந்த மேகநோய்களுக்கான வைத்தியம் சொல்லும் இடத்தில். மேகநீர், உடல் பருமன், கொழுப்பு, தோல் நோய் இவற்றுக்கான மருந்து. பாண்டுவுக்கு ஆயுர்வேதத்தில் லோகாசவம் தனியாக இருக்கிறது, சித்த வைத்தியத்தில் அன்னபேதி என்ற இரும்பு உப்பில் செய்யும் அன்னபேதி செந்தூரம் இருக்கிறது. எல்லாவற்றிலும் இரும்பு இருப்பதால் எல்லாம் ஒன்று என்று நினைத்துவிடுகிறோம்.

செய்முறை எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வேங்கை, கருங்காலி, வாகை, புங்கு, தேக்கு, அகில், கமுகு, சிறுகுறிஞ்சான் என்று பெரும்பாலும் மரங்களாகவே இருக்கும் அசனாதி கணம் என்ற மூலிகைத் தொகுப்பைத் தண்ணீரில் போட்டுக் கால் பங்காக வற்றும் வரை காய்ச்சி, வெல்லமும் தேனும் சேர்ப்பார்கள். மிளகு, ஏலம், சீரகம், வசம்பு, பெருங்காயம், வாய்விடங்கம் எல்லாம் வரும் வத்சகாதி கணப் பொடி அதில் சேரும். பிறகு மெல்லிய இரும்புத் தகடுகளைக் கருங்காலிக் கரியில் பழுக்கக் காய்ச்சி மறுபடி மறுபடி அதில் போடுவார்கள். பானையை வாற்கோதுமைக் குவியலுக்குள் வைத்து, இரும்பு கரையும் வரை விட்டுவிட வேண்டும் என்பது பழைய முறை. இத்தனை வேலையை இன்று யார் வீட்டில் செய்வது? 1902-ல் பி.எஸ். வாரியர் கோட்டக்கலில் ஆரிய வைத்தியசாலை தொடங்கித் தயார் மருந்தை வழக்கமாக்கியதால்தான் எங்களைப் போன்றவர்கள் கடையில் பாட்டிலாக வாங்கிக் குடிக்கிறோம்.

450 மில்லி பாட்டில் எனக்குப் பதினோரு நாள் வரும். மூடியைத் திறந்ததும் முதலில் புளித்த வெல்ல வாசம், அதற்குப் பின்னால் பெருங்காயமும் மரப்பட்டையும். நாக்கில் வைத்ததும் இனிப்பு, உடனே துவர்ப்பு, தொண்டையில் மிளகு எரிச்சல். கடைசியில் ரொம்ப நேரம் தங்குவது காசை நக்கியது மாதிரி ஒரு உலோகச் சுவை. நிறம் கறுப்பு. சும்மா கறுப்பில்லை, மை மாதிரி. ஒருநாள் வெள்ளைத் துண்டில் சிந்திவிட்டது, மூன்று முறை துவைத்தும் சாம்பல் நிறக் கறை அப்படியே நின்றது. துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் மைதான். கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சியது இந்தக் கணக்கில்தான். இந்தக் கறையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதற்கு ஒரு வேலை இருக்கிறது.

முதல் வாரம் வயிறு கொஞ்சம் இளகியது. மலம் கறுத்தது. இரும்புச் சத்து எது சாப்பிட்டாலும் இப்படி ஆகும், பயப்பட வேண்டாம் என்று வைத்தியர் முன்பே சொல்லியிருந்தார். தார் மாதிரி ஒட்டிக்கொண்டு, நாற்றத்தோடு போனால்தான் உடனே டாக்டரிடம் ஓட வேண்டும். ஒருநாள் அவசரத்தில் சாப்பாட்டுக்கு முன்பே குடித்துவிட்டு, மதியம் வரை நெஞ்செரிச்சலோடு உட்கார்ந்திருந்தேன். அதற்கப்புறம் அந்தத் தப்பைச் செய்யவில்லை.

நல்ல மாற்றம் தெரிந்தது மூன்றாவது வாரத்தில். சாப்பிட்டதும் வயிறு உப்பி, புடவைக் கொசுவத்தைத் தளர்த்திவிட்டுக் கொள்ளும் பழக்கம் எனக்குப் பல வருடமாக உண்டு. அது நின்றது. சாயங்காலம் எதையாவது கொறிக்கச் சொல்லும் அந்தப் பொய்ப்பசி குறைந்தது. பசிக்கும் நேரத்துக்குச் சரியாகப் பசித்தது. என் அத்தை, "என்ன கண்ணு, பஜ்ஜி போட்டா ரெண்டோட நிறுத்திக்கிறே?" என்று கேட்டது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. வாய்க்கால் கரையில் தினமும் நாற்பது நிமிடம் நடந்தேன், இரவுச் சாப்பாட்டை ஏழரைக்குள் முடித்தேன். நான்கு மாதத்தில் எடை 73 ஆனது. இதில் மருந்தின் பங்கு எவ்வளவு, நடையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. பசி அடங்கியதால்தான் நடக்கவும் சீக்கிரம் சாப்பிடவும் முடிந்தது என்பது மட்டும் நிச்சயம்.

ஐந்தாவது மாதம் பரிசோதனைக்குப் போனேன். ஹீமோகுளோபின் 10.4, ஃபெரிட்டின் 9. ஏறவே இல்லை. ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் அழுதேன். ஐந்து மாதம் ஒருவேளைகூட விடாமல் குடித்திருக்கிறேன்.

டாக்டரிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. பாட்டிலைக் கொண்டுவரச் சொல்லி, லேபிளில் இருந்த பட்டியலைப் படித்தார். "டீ குடித்தால் சாப்பாட்டில் உள்ள இரும்பு உடம்பில் சேராது என்று சொல்வோமே, ஏன் தெரியுமா? துவர்ப்பு இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இதில் முக்கால்வாசி மரப்பட்டைதானேம்மா" என்றார். துண்டில் பட்ட மைக்கறைக்கு அப்போதுதான் அர்த்தம் தெரிந்தது. அதோடு இன்னொரு கேள்வியும் கேட்டார், மாதவிலக்கு எத்தனை நாள் என்று. எட்டு நாள் என்றேன். ஸ்கேனில் கர்ப்பப்பையில் நார்க்கட்டி. ஓட்டை வாளியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். பெண்களுக்கு முக்கியமாகச் சொல்கிறேன்: ரத்தம் குறைவாக இருக்கிறது என்றால், எதைக் குடித்து ஏற்றுவது என்று யோசிக்கும் முன்னால் எங்கே போகிறது என்று பாருங்கள்.

நார்க்கட்டிக்கு வைத்தியம் தொடங்கியது. இரும்பு மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் எடுக்கச் சொன்னார். அப்படி எடுத்தபோது வயிறு தாங்கியது. வைத்தியரிடமும் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அரிஷ்டத்தை நிறுத்தச் சொல்லவில்லை, "மேதஸுக்காக, கொழுப்புக்காகத் தந்தது, அதற்கு அது வேலை செய்கிறது, ரத்தத்துக்கு மாத்திரையே இருக்கட்டும்" என்றார். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு அரிஷ்டம், பதினோரு மணிக்கு எலுமிச்சைச் சாற்றோடு மாத்திரை, இரவு மறுபடி அரிஷ்டம் என்று பிரித்துக்கொண்டேன். மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காபி கிடையாது. மூன்று மாதத்தில் ஹீமோகுளோபின் 12.1, ஃபெரிட்டின் 34.

கூடவே ஏ1சி 6.4-லிருந்து 5.9-க்கு இறங்கியது. அயஸ்கிருதி சர்க்கரையை விரட்டிவிட்டது என்று எல்லாரிடமும் சொல்லக் கிளம்பினேன். டாக்டர்தான் நிறுத்தினார். இரும்புக் குறைபாடு இருக்கும்போது சிவப்பணுக்கள் கூடுதல் நாள் உடம்பில் சுற்றுவதால், இருக்கும் சர்க்கரையைவிட ஏ1சி அதிகமாகக் காட்டும். ரத்தசோகை சரியானால் சர்க்கரை மாறாவிட்டாலும் அந்த எண் இறங்கும். என் வெறும் வயிற்றுச் சர்க்கரை அதே காலத்தில் 108-லிருந்து 104-க்குத்தான் வந்திருந்தது. அவர் சொன்னது சரி. இரும்பு டானிக் குடித்துச் சர்க்கரை குறைந்தது என்று யாராவது ஏ1சி-யை மட்டும் காட்டினால், வெறும் வயிற்று அளவையும் கேளுங்கள்.

இன்னொரு சந்தேகம் எனக்கு ஆரம்பத்திலிருந்தே இருந்தது. மேகத்துக்கான மருந்தில் இவ்வளவு வெல்லமா? புளிக்கும்போது ஒரு பகுதி இனிப்பு போய்விடும், ஆனால் நாக்குக்கே தெரியும் அளவுக்கு மீதி இருக்கிறது. வீட்டு மீட்டரில் மூன்று நாள் குடித்தும் மூன்று நாள் குடிக்காமலும், ஒரே இட்லி, ஒரே சாம்பாரோடு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தேன். குடித்த நாட்களில் 148, 152, 155. குடிக்காத நாட்களில் 139, 141, 146. வீட்டு மீட்டரின் தவறுக்குள் அடங்கும் வித்தியாசம்தான். ஆனாலும் சாயங்கால டீயில் சர்க்கரையை விட்டுவிட்டேன். ஏற்கெனவே சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடாதீர்கள்.

சாராயம் பற்றியும் கேட்கிறார்கள். ஆமாம், இருக்கிறது. வெளியே இருந்து சேர்ப்பதில்லை, புளிப்பதில் தானாக உண்டாவது. பொதுவாக அரிஷ்டங்களில் ஐந்து முதல் பத்து சதவீதம் இருக்கும். 20 மில்லியில் அது சொற்பம்தான். ஆனால் குடியை விட்டவர்கள், ஈரல் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் இதைத் தவிர்க்க வேண்டும். ஈறு வீங்கிப் பல் டாக்டரிடம் போனபோது, சாராயத்தோடு சேர்க்கக் கூடாத மெட்ரோனிடசோல் மாத்திரை எழுதினார், அந்த மாத்திரை முடிந்து மூன்று நாள் வரை அரிஷ்டத்தைத் தொடவில்லை. தலசீமியா போல உடம்பில் இரும்பு தேங்கும் நோய் குடும்பத்தில் இருந்தால், ஃபெரிட்டின் பார்க்காமல் இரும்பு சேர்ந்த எதையும் ஆரம்பிக்கக் கூடாது.

இப்போது எடை 70.5, இடுப்பு 90, வெறும் வயிற்றுச் சர்க்கரை 99, ஏ1சி 5.8, ஹீமோகுளோபின் 12.4. மாதவிலக்கு ஐந்து நாளில் நிற்கிறது. மாதம் ஐநூறு ரூபாய்க்குச் சற்றுக் குறைவாகச் செலவாகிக்கொண்டிருந்தது, இப்போது அதுவும் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. வைத்தியர் இரவு வேளையை நிறுத்திவிட்டு காலை மட்டும் 15 மில்லி போதும் என்று சொல்லிவிட்டார். ஒரு மண்டலம் குடித்துவிட்டு இரண்டு வாரம் இடைவெளி. இடைவெளியில் உப்புசம் திரும்ப வருகிறதா என்று நோட்டில் குறித்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார். போன முறை பத்தாவது நாள் லேசாக வந்தது. இந்த முறை இன்றோடு ஒன்பது நாள், இதுவரை இல்லை.