பி-36 மாடல் கிட்: புரொப்பெல்லரை ஒட்டும் முன் படிக்கவும்

பி-36 என்ற பழைய அமெரிக்கக் குண்டுவீச்சு விமானத்தின் மாடல் பெட்டி வந்த அன்று மனைவி கேட்டது ஒன்றுதான்: "இதை எங்கே வைக்கப் போறீங்க?" 1/72 அளவில் இறக்கை மட்டும் 97 சென்டிமீட்டர்; அசலில் 70 மீட்டர். அலமாரியில் நுழையவில்லை, பீரோ மேல்தான் இடம்.

உடற்பகுதியின் இரு பாதிகளும் சேரும் இடத்தில் நல்ல படி விழுகிறது. புட்டி பூசி உப்புத்தாள் தேய்த்தே இரண்டு ஞாயிறு போனது. டீகால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் சின்னங்கள்) மஞ்சளடித்திருந்தது, தண்ணீரில் போட்டதும் நட்சத்திரம் மூன்று துண்டானது.

விளக்கத்தாள் அதைவிட மோசம். புரொப்பெல்லரின் எந்த முகம் எந்தப் பக்கம் என்று படத்தில் தெரியவில்லை. கை பழகிய வழக்கத்தில், புரொப்பெல்லர் முன்னாலிருந்து இழுக்கும் விமானங்களுக்கு ஒட்டுவதுபோல் ஒட்டிவிட்டேன். இதில் ஆறும் இறக்கைக்குப் பின்னாலிருந்து தள்ளுபவை! ஆறையும் கத்தியால் பெயர்த்தேன்.

நிஜ விமானத்தின் தலைவலியும் அங்கேதான். இறக்கை மேல் காற்று கலையாமல் ஓடட்டும் என்று அதைத் தயாரித்த கான்வேர்காரர்கள் இன்ஜினைத் திருப்பி வைத்தார்கள். ஆனால் அந்த 28 சிலிண்டர் பிராட் அண்ட் விட்னி இன்ஜின், முன்னால் புரொப்பெல்லர் சுழலும் விமானத்துக்காகச் செய்தது. வழக்கமாக இன்ஜினுக்குப் பின்னால் அதன் சூட்டில் இருக்கும், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர், இதில் குளிர்காற்று முதலில் அறையும் இடத்துக்கு வந்துவிட்டது. ஈரக்காற்றில் பனி படியும், காற்று குறைந்து பெட்ரோல் மிகும், எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் பற்றிக்கொள்ளும். 1950 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியா கடலோரம் மூன்று இன்ஜின்கள் தீப்பிடித்து, ஆட்கள் பாராசூட்டில் குதிக்க நேர்ந்தது.

இறக்கை நுனிப் பக்கம் ஒட்டும் நான்கு ஜெட்டுகள் இந்த கிட்டில் அருமையாக வார்க்கப்பட்டிருக்கின்றன. அசலில் அவை பிற்சேர்க்கை; 1946 ஆகஸ்ட் 8 அன்று முதலில் பறந்தபோது ஆறு புரொப்பெல்லர்கள்தான். மேலெழும்பவும் இலக்கை வேகமாகக் கடக்கவும் மட்டுமே ஜெட். மற்ற நேரம் அவற்றில் காற்று நுழையும் வாயை மூடிவைப்பார்கள்.

எனக்குப் பெரிய ஏமாற்றம், அசலில் ஆட்கள் போய்வர இருந்த குழாய் உள்ளே இல்லாதது. முன் அறைக்கும் பின் அறைக்கும் நடுவே 80 அடிக்கு மேல் நீளம். சின்னத் தள்ளுவண்டியில் மல்லாந்து படுத்து, கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டே போவார்களாம். குண்டறைக் கதவும் திறக்காது. பிரிட்டன் விழுந்தால் அமெரிக்க மண்ணிலிருந்தே ஜெர்மனிக்குப் போய்த் திரும்ப வேண்டுமென்று 1941இல் கேட்கப்பட்ட விமானம், ஒரு போரிலும் குண்டு போடாமல் 1959இல் ஓய்வு பெற்றது. கதவு திறக்காவிட்டால்தான் என்ன என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

5க்கு 3. முதல் மாடலாக இதை வாங்க வேண்டாம். வாங்கியே தீருவேன் என்றால், விளக்கத்தாள் சொல்லும் எடையைப்போல் இரு மடங்கு மூக்கில் வையுங்கள். என்னுடையது பீரோ மேல் வாலை ஊன்றி, மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது.