மதர்போர்டு மாற்றச் சொன்னார்கள், 250 ரூபாய் சவுண்டு கார்டில் முடிந்தது

வீட்டுக் கம்ப்யூட்டரில் சத்தம் நின்றுபோய் ஒரு வாரம் அல்லாடினோம். வந்து பார்த்த சர்வீஸ்காரர் பெட்டியைத் திறக்கக்கூட இல்லை, உள்ளே எல்லாவற்றையும் இணைக்கிற பெரிய போர்டான மதர்போர்டு போய்விட்டது, மாற்றத்தான் வேண்டும் என்றார். மகளுக்கு ஆன்லைன் டியூஷன் நடக்கிற நேரம், வயிற்றெரிச்சலாக இருந்தது. கடைசியில் சென்னை ரிச்சி தெருவில் 250 ரூபாய்க்கு ஒரு யூஎஸ்பி சவுண்டு கார்டு வாங்கிவந்து செருகினேன். இரண்டு மாதமாக அதில்தான் எல்லாம் ஓடுகிறது.

ஆனால் கடைக்குப் போகுமுன் திரையின் அடியில் டாஸ்க்பாரில் இருக்கும் ஸ்பீக்கர் படத்தைத் தட்டி, சத்தம் எந்த வழியாகப் போகிறது என்று பாருங்கள். மானிட்டரை எச்டிஎம்ஐ கேபிளில் மாட்டியிருந்தால் விண்டோஸ் பல சமயம் மானிட்டருக்கே சத்தத்தை அனுப்பிவிடும், அதில் ஸ்பீக்கரே இல்லாவிட்டாலும். அதை மாற்றினாலே பலருக்குச் சரியாகிவிடும், காசு மிச்சம். எனக்கு அதிலும் வரவில்லை, சத்தத்துக்கான டிரைவர் மென்பொருளை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தும் வரவில்லை. அப்புறம் பின்பக்கப் பச்சை ஓட்டையில் ஸ்பீக்கர் பின்னை மெல்லத் திருகிப் பார்த்தேன், ஒரு பக்கம் மட்டும் கரகரவென்று வந்து போனது. போனது அந்த ஓட்டைதான், போர்டு இல்லை! முன்பக்க ஓட்டை எப்போதோ உடைந்தது, அதனால்தான் இந்தச் சவுண்டு கார்டை வாங்கினேன்.

பார்க்கப் பென்டிரைவ் மாதிரி இருக்கிறது, ஸ்பீக்கருக்கு ஒன்று, மைக்குக்கு ஒன்று என்று இரண்டு ஓட்டை. டிரைவர் எதுவும் போட வேண்டாம், செருகின சில நொடியில் விண்டோஸ் தானே கண்டுபிடித்துக்கொண்டது. பாட்டு, டியூஷன், அப்பா கேட்கும் செய்தி எல்லாம் தெளிவாகவே கேட்கிறது. உடம்புதான் கொஞ்சம் அகலம், பக்கத்து யூஎஸ்பி ஓட்டையை மறைத்துவிடுகிறது. மைக்கில் மெல்லிய இரைச்சல் உண்டு, பேசுவதற்குப் போதும், பாட்டுப் பதிவு செய்ய இதை நம்ப வேண்டாம்.

இன்னொன்று, செல்போன் ஹெட்செட்டில் ஒரே பின்தான் இருக்கும், அதை இதில் செருகினால் காதில் கேட்கும், மைக் வேலை செய்யாது. மகளின் ஹெட்செட்டுக்காக, ஒரு பின்னை இரண்டாகப் பிரிக்கிற சின்ன கேபிள் ஒன்றை மறுபடி போய் வாங்கிவந்தேன்.