‘வயரே வேண்டாம்’ சவுண்ட்பார்: 8,450 ராண்டுக்குப் போட்ட நாமம்

சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வீட்டு சினிமா சாமான் விற்கிற ஒரு கடை. ஷோரூமும் உண்டு, இணைய விற்பனையும் உண்டு. பெயர் போடப்போவதில்லை. ஆனால் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் புரொஜெக்டர் மாட்டி வைத்திருக்கும் நம்மவர்களிடம் நாளைக்கு ‘வயரே வேண்டாம்’ என்ற இதே பேச்சைத்தான் பேசப்போகிறார்கள். சவுண்ட்பாருக்கு (திரைக்குக் கீழே வைக்கும் நீளமான ஸ்பீக்கர்) 6,200 ராண்ட். அது சரியாக ஓடவில்லை என்றதும், ‘சரிசெய்ய’ என்று சொல்லித் தலையில் கட்டிய இன்னொரு பெட்டிக்கு 2,250. ஆக மொத்தம் 8,450 ராண்ட்.

என்ன வேண்டும் என்று மழுப்பாமல் சொல்லித்தான் கேட்டோம். புரொஜெக்டர் பின்பக்கம் கூரையில் தொங்குகிறது. டிகோடர் (டிவி சேனல் வரும் பெட்டி) அதற்குக் கீழே அலமாரியில், படமும் ஒலியும் சேர்ந்து போகும் இரண்டு மீட்டர் எச்டிஎம்ஐ கேபிளில். திரை ஆறு மீட்டர் தள்ளி எதிர்ச்சுவரில். சவுண்ட்பார் திரைக்குக் கீழே வைக்கவேண்டும், நடுவில் கேபிள் ஓடக்கூடாது, முக்கியமாகக் கிரிக்கெட் பார்க்கவேண்டும். விற்பனைப் பையன் ஊரிலிருந்து வந்தவன், நல்ல தமிழ். கொட்டேஷனிலேயே ‘கூரை புரொஜெக்டருக்கும் டிகோடருக்கும், முழு வயர்லெஸ்’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தான். “அண்ணா, நம்ம ஆளுக்குத் தப்பான பொருளைக் குடுப்பேனா?” என்றான். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் கார்டு தேய்க்கப்பட்டது.

டெமோவும் காட்டினான். கடைப் புரொஜெக்டரில் உள்ளேயே இருக்கும் வீடியோ ஆப்பைத் திறந்து ஒரு பாட்டு போட்டான். புளூடூத்தில் சவுண்ட்பார் பாடியது, உதட்டசைவும் குரலும் ஒன்றாகவே இருந்தன. “டிகோடர்லயும் இப்படித்தானே வரும்?” என்று கேட்டதற்கு, “புளூடூத்துக்கு எது ஓடுதுன்னா தெரியும்? எல்லாம் ஒண்ணுதான்ணா” என்று பதில்.

ஒன்றல்ல. மோசடியே இந்த இடத்தில்தான் இருக்கிறது, கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். புளூடூத்தில் ஒலி அப்படியே போவதில்லை. புரொஜெக்டர் அதைச் சுருக்கி அனுப்பவேண்டும், சவுண்ட்பார் கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்டு விரித்து இசைக்கவேண்டும். எல்லாக் கருவியிலும் இருக்கும் எஸ்பிசி கோடெக்கில் (ஒலியைச் சுருக்கி விரிக்கும் முறை) இதற்குச் சாதாரணமாக 150 முதல் 250 மில்லிசெகண்ட் ஆகும். புரொஜெக்டருக்குள்ளேயே ஓடும் ஆப்புக்கு இந்தத் தாமதம் எவ்வளவு என்று தெரியவரும், அதனால் படத்தையும் அதே அளவு பிடித்துவைத்து விடுகிறது. டெமோவில் உதடு ஒட்டியது அதனால்தான். டிகோடரிலிருந்து எச்டிஎம்ஐ வழியாக வரும் படத்தைப் பெரும்பாலான புரொஜெக்டர்கள் பிடித்துவைப்பதில்லை. வந்தவுடன் திரையில் அடித்துவிடும், ஒலி மட்டும் பின்னால் நொண்டிக்கொண்டு வரும்.

வீட்டில் நடந்ததும் அதுதான். பந்து மட்டையை விட்டுக் கிளம்பிப் பயணப்பட்ட பிறகு ‘டக்’ என்று சத்தம். சும்மா சந்தேகத்தில் சொல்லவில்லை. உதட்டசைவு சோதிக்கும் கிளிப் ஒன்றை யுஎஸ்பி மீடியா பிளேயரில் போட்டு, அதை டிகோடர் இருந்த அதே எச்டிஎம்ஐ துளையில் செருகி, மொபைலில் நொடிக்கு 60 ஃப்ரேமில் படம்பிடித்துப் பார்த்தால், வெளிச்சம் மின்னியதற்கும் ‘பீப்’ வந்ததற்கும் இடையில் 13 ஃப்ரேம். கிட்டத்தட்ட 217 மில்லிசெகண்ட். ஒளிபரப்புக்கான ஐடியு (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) பரிந்துரை 1998இலேயே இதை எண்ணில் எழுதிவைத்திருக்கிறது: ஒலி சுமார் 125 மில்லிசெகண்ட் பிந்தினாலே பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும், 185ஐத் தாண்டினால் பொறுக்கமாட்டார்.

பெட்டிமேல் பெரிதாக ‘டால்பி அட்மாஸ்’ (தலைக்கு மேலிருந்தும் ஒலி வருவதுபோல் கேட்கும் பல சேனல் முறை) என்று வேறு போட்டிருந்தது. புளூடூத்தில் சவுண்ட்பாருக்குப் போவது இரண்டே சேனல். அட்மாஸ் அந்த வழியில் வரவே வராது.

இனி கடைக்காரர்கள் சொன்ன சால்ஜாப்புகள். முதலில், “ரிமோட்ல ஏவி சிங்க் இருக்குண்ணா, அதை ஏத்துங்க.” படத்தையும் ஒலியையும் ஒட்டவைப்பதற்கான அந்த ஏவி சிங்க், சவுண்ட்பாரில் ஒலியைத் தாமதப்படுத்த மட்டுமே செய்யும். ஏற்கெனவே 217 பிந்திய ஒலியில் 100 ஏற்றினால் 317. முன்னுக்கு இழுக்க எந்த சவுண்ட்பாராலும் முடியாது, இன்னும் வந்துசேராத ஒலியை எப்படி இசைக்கும்? அடுத்து, “ஃபர்ம்வேர் அப்டேட் வருது.” புரொஜெக்டர் அனுப்புவது எஸ்பிசி என்றால், சவுண்ட்பாரில் எதை ஏற்றி என்ன பயன்? ஆப்டிஎக்ஸ் லோ லேட்டன்சி என்று சுமார் 40 மில்லிசெகண்ட் கோடெக் ஒன்று உண்டு, ஆனால் அனுப்பும் முனை, வாங்கும் முனை இரண்டிலும் அது இருக்கவேண்டும். அதற்கும் அடுத்து, இந்த ஊருக்கே உரிய சாக்கு: “லோட்ஷெட்டிங்ல (முறைவைத்து நிறுத்தும் மின்வெட்டு) உங்க புரொஜெக்டர் போர்டு அடி வாங்கியிருக்கும்.” போர்டு அடிவாங்கியிருந்தால் உள்ளே இருக்கும் ஆப்பில் மட்டும் எப்படி ஒழுங்காக ஓடுகிறது என்று கேட்டதற்குப் பதில் இல்லை. வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும்.

பிறகுதான் அந்த 2,250 ராண்ட் பெட்டி வந்தது. வயர்லெஸ் எச்டிஎம்ஐ கிட், ஒரு அனுப்பி, ஒரு வாங்கி. “அனுப்பியை டிகோடரில் போடுங்க, வாங்கியை சவுண்ட்பாரில் போடுங்க, முடிஞ்சது” என்றான். போட்டதில் ஒரு முனகல்கூடக் கேட்கவில்லை. காரணம் சவுண்ட்பாரின் முதுகிலேயே அச்சடித்திருக்கிறது: அதில் இருப்பது ஒரே ஒரு எச்டிஎம்ஐ துளை, அதன்மேல் ‘அவுட் – ஆர்க்’. அது வெளியே அனுப்பும் துளை. டிவியிலிருந்தோ புரொஜெக்டரிலிருந்தோ திரும்பிவரும் ஒலியை மட்டும் ஆர்க் வழியில் வாங்கிக்கொள்ளும். கிட்டின் வாங்கிப் பெட்டியில் இருப்பதும் வெளியே அனுப்பும் துளைதான். இரண்டு குழாய் வாயையும் எதிரெதிரே வைத்துக் கட்டிவிட்டுத் தண்ணீர் வரும் என்று சொன்ன கதை. இது தெரியாமல் ஒரு வீட்டு சினிமாக் கடை நடக்கிறது என்றால் நம்பவேண்டுமா?

இதே மாதிரிச் சாமானில் எது ஓடியிருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். டிகோடரைப் பின்னாலிருந்து எடுத்துத் திரைக்குக் கீழே சவுண்ட்பார் பக்கத்தில் வைக்கவேண்டும். எச்டிஎம்ஐ ‘இன்’, ‘அவுட்’ இரண்டும் உள்ள சவுண்ட்பார் என்றால் டிகோடர் ‘இன்’னில், ‘அவுட்’டிலிருந்து புரொஜெக்டருக்கு. ஒலி கேபிளில் போகிறது, படம் மட்டும்தான் தூரம் கடக்கவேண்டும். அதற்கு வயர்லெஸ் கிட் போட்டாலும் பரவாயில்லை. அப்போது பிந்துவது படம், ஆகவே சவுண்ட்பாரின் ஏவி சிங்க் முதல்முறையாக உதவிக்கு வரும். கேபிள் என்றால் பத்து மீட்டருக்கு மேல் சாதாரணச் செம்புக் கேபிளில் நொடிக்கு 60 ஃப்ரேம் 4கே படம் நம்பிக்கையாக வராது, ஒளியிழையில் ஓடும் ஆப்டிகல் எச்டிஎம்ஐ வாங்குங்கள். அதில் ‘சோர்ஸ்’, ‘டிஸ்ப்ளே’ என்று முனை பார்த்து மாட்டவேண்டும், மாற்றி மாட்டினால் திரை கறுப்பு. கூரை ஓரமாகச் சின்ன டிரங்கிங்கில் (கேபிளை மூடும் பிளாஸ்டிக் உறை) ஓட்டிவிட்டால் கண்ணிலும் படாது.

எங்களுடையதுபோல் ‘இன்’ இல்லாத சவுண்ட்பார் என்றால் நடுவில் ஒரு எச்டிஎம்ஐ ஆடியோ எக்ஸ்ட்ராக்டர் (ஒலியை மட்டும் பிரித்துத் தரும் பெட்டி). 4கே பார்ப்பவர்கள் எச்டிசிபி 2.2 (நகலெடுப்பைத் தடுக்கும் முறை) எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பல எக்ஸ்ட்ராக்டர்களில் பக்கவாட்டில் ஒரு குட்டி ஸ்விட்ச் இருக்கும். அதைப் ‘பாஸ்’ஸில் விட்டால் புரொஜெக்டர் தன்னிடம் இரண்டு ஸ்பீக்கர்தான் என்று டிகோடரிடம் சொல்லிவிடும், டிகோடரும் ஸ்டீரியோ மட்டுமே அனுப்பும். 5.1க்கு (ஆறு சேனல் ஒலி) தள்ளுங்கள். எக்ஸ்ட்ராக்டரிலிருந்து ஆப்டிகல் கேபிள் எடுத்தால் டால்பி டிஜிட்டல் 5.1 வரைதான். அட்மாஸ் வேண்டுமென்றால் ஆர்க் அல்லது அதன் புதிய வகையான இ-ஆர்க் துளையுள்ள எக்ஸ்ட்ராக்டர். இதில் எதையுமே அந்தக் கடை வாய்திறந்து சொல்லவில்லை, சொன்னால் கேபிளும் சின்னப் பெட்டியும்தான் விற்கும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, “பெட்டி பிரிச்சாச்சு, ரீஃபண்ட் கிடையாது, வேணும்னா 20 சதவீதம் பிடிச்சுக்கிட்டு கிரெடிட் நோட் தர்றோம்.” மேனேஜர் எப்போது கேட்டாலும் ‘மீட்டிங்’. கடைச் சுவரில் ஒட்டியிருக்கும் ‘நோ ரீஃபண்ட்’ சட்டமல்ல. 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 55ஆம் பிரிவில், இன்ன வேலைக்கு வேண்டும் என்று சொல்லி வாங்கினால், அந்தப் பொருளை விற்பது வழக்கமாக உள்ளவரோ விவரம் தெரிந்ததுபோல் நடந்துகொள்பவரோ ஆன கடைக்காரர் கொடுத்த பொருள் அந்த வேலைக்கு உதவவேண்டும் என்கிறது. 56ஆம் பிரிவு, அப்படி உதவாத பொருளை 6 மாதத்துக்குள் திருப்பித் தரலாம், பழுதுபார்ப்பதா, மாற்றுவதா, பணமா என்று முடிவுசெய்வது வாங்கியவர் என்கிறது. திருப்பும் செலவும் கடை தலையில்தான். கொட்டேஷனில் அவனே எழுதிய வரி இப்போது நம் கையில் இருக்கிறது. முதலில் கடைக்கு எழுத்தில் புகார், மசியவில்லை என்றால் கன்ஸ்யூமர் குட்ஸ் அண்ட் சர்வீசஸ் ஆம்பட் என்ற நுகர்வோர் குறைதீர்ப்பு அமைப்பு. புகார் கொடுப்பவரிடம் அங்கே கட்டணம் வாங்குவதில்லை. 8,450 ராண்டுக்குமான புகார் தட்டச்சாகிக்கொண்டிருக்கிறது.

வாங்கப் போகிறவர்கள்: டெமோவை உள்ளே இருக்கும் ஆப்பில் பார்க்காதீர்கள், உங்கள் டிகோடரையே தூக்கிக்கொண்டு போய் எச்டிஎம்ஐயில் செருகச் சொல்லுங்கள். சவுண்ட்பாரைத் திருப்பிப் போட்டுத் துளைகளைப் பாருங்கள். பெட்டிமேல் ‘வயர்லெஸ்’ என்றிருந்தால் பல மாடல்களில் அது சப்வூஃபருக்கு (கனத்த ஒலிக்கான தனி ஸ்பீக்கர்) மட்டும், அதற்கும் தனியாகப் பிளக் வேண்டும். என்ன வேலைக்கு என்று பில்லில் எழுதி வாங்குங்கள். இணையத்தில் வாங்கியது என்றால் பெரும்பாலான பொருட்களைக் கைக்கு வந்த 7 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பலாம். ‘அப்டேட் வருது’ என்று அந்த ஏழு நாளை ஓட்டிவிடுவார்கள், விடாதீர்கள்.