மஸ்தார் சிட்டி: வீடு வாங்குறதுக்கோ கட்டுறதுக்கோ முன்னாடி ஒரு தடவ நடந்து பாத்துடுங்க

அபுதாபி ஏர்போர்ட் பக்கத்துல, கரெண்டும் தண்ணியும் கம்மியா செலவாகுற மாதிரி புதுசா பிளான் போட்டு கட்டுற ஊர்தான் மஸ்தார் சிட்டி. அந்த பேர சொன்னாலே எல்லாரும் சோலார், டிரைவர் இல்லாத குட்டி கார், இத மட்டும்தான் பேசுறாங்க. எனக்கு அங்க ரொம்ப பிடிச்சது வேற. ஏசியே இல்லாத காலத்துல இந்த ஊர் எமிராத்திங்க வெயில எப்படி சமாளிச்சு வீடு கட்டுனாங்களோ அந்த அறிவ எடுத்து, இன்னைக்கு இருக்கிற கட்டட முறையில போட்டிருக்காங்க, அதுவும் சும்மா அலங்காரத்துக்கு இல்ல, நெஜமாவே வேலை செய்யுது. உள்ள நடந்து பாக்க டிக்கெட் கிடையாது.

முதல்ல தெருவ பாருங்க. துபாய்ல அல் ஃபஹீதின்னு பழைய வீடுங்க இருக்கிற ஏரியாவுக்கு போயிருந்தீங்கன்னா ரெண்டு வீட்டுக்கு நடுவுல ஒடுக்கமா ஒரு சந்து போகுமே, சிக்கான்னு சொல்வாங்க, ஒரு பக்க சுவரோட நிழல் எதிர் சுவர் மேலயே விழுந்துடும். அதே கணக்குதான் இங்கயும். ஃபாஸ்டர் பார்ட்னர்ஸ்ங்கிற லண்டன் ஆர்க்கிடெக்ட் கம்பெனி 2000ங்கள்ல பிளான் போடும்போதே மொத்த ஊரையும் நேரா வடக்கு தெற்கா வைக்காம கோணலா திருப்பி வச்சிருக்காங்க, அதனால காலைலயும் சரி சாயங்காலமும் சரி தெருவுல ஏதோ ஒரு பக்கம் நிழல் கிடைச்சிடுது, வடமேற்குல இருந்து வர்ற ஷமால் காத்தும் உள்ள வந்துடுது. தெருவெல்லாம் குட்டை குட்டையா முடிஞ்சு சின்ன சதுக்கத்துல போய் திறக்குது. வெளிய பார்க்கிங்ல இருந்து உள்ள நுழைஞ்ச உடனே உடம்புக்கே வித்தியாசம் தெரியும்.

அடுத்தது சுவர். 2010ல திறந்த மஸ்தார் இன்ஸ்டிடியூட் பில்டிங்தான் (இப்போ முகமது பின் சாயித் ஏஐ யூனிவர்சிட்டி அங்கதான் இருக்கு) பாக்க வேண்டிய முக்கியமான இடம். ஸ்டூடண்ட்ஸ் தங்குற வீடுங்களுக்கு முன்னாடி அலை அலையா வளைஞ்ச செம்மண் கலர் தடுப்பு, பூரா ஓட்டை ஓட்டையா டிசைன். கிட்ட போய் தொட்டு பாத்தீங்கன்னா சொரசொரன்னு இருக்கும், கண்ணாடி நார் கலந்த கான்கிரீட், இந்த ஊர் மண் கலர்லயே வார்த்திருக்காங்க. வெயில் அந்த ஓட்டை வழியா பொட்டு பொட்டாதான் பால்கனிக்குள்ள விழும், உள்ள இருக்கிறவங்க தெருவ பாக்கலாம், தெருவுல போறவங்க உள்ள பாக்க முடியாது. பழைய வளைகுடா வீட்டுல ஜிப்சத்துல செதுக்கி வச்ச காத்து ஜன்னலும் இதே ரெண்டு வேலையதான் பாத்துச்சு, வெளிச்சத்த வடிகட்டும், வீட்டுப் பொம்பளைங்களுக்கு மறைவும் கொடுக்கும். எமிராத்தி குடும்பத்துக்கு இந்த மறைவு ரொம்ப முக்கியம், அத விட்டுட்டு நீங்க எவ்வளவு கரெண்ட் மிச்சம் புடிச்சாலும் அந்த வீட்டுல அவங்க மனசு ஒட்டாது. எதிர்ல லேப் பில்டிங்ல வேற மாதிரி, காத்து அடைச்ச பிளாஸ்டிக் மெத்தை மாதிரி சுவர், சூட்ட வாங்கி தெருவுல திருப்பி அடிக்காது. நான் முன்னாடி குடியிருந்த ஃபிளாட் மேற்கு பாத்து முழுக்க கண்ணாடி, மத்தியானத்துக்கு மேல கர்ட்டன தொறக்கவே முடியாது, ஏசி ஓடிக்கிட்டே இருக்கும், அந்த பில்ல கட்டுனவனுக்குதான் இந்த சுவரோட அருமை தெரியும்.

நடுவுல 45 மீட்டர் காத்து கோபுரம் ஒண்ணு நிக்குது, இந்த ஊர் பர்ஜீலோட புது வடிவம். பழைய பர்ஜீல் நாலு பக்கமும் திறந்திருக்கும், உள்ள குறுக்கு சுவர் வச்சு எந்தப் பக்கம் காத்து அடிச்சாலும் புடிச்சு கீழ ரூமுக்கு இறக்கும். இங்க மேல இருக்கிற பலகைங்க காத்து வர்ற திசைக்கு ஏத்த மாதிரி தொறக்குது, தண்ணிய பனி மாதிரி தெளிச்சு அந்த காத்த குளிராக்கி கீழ விடுறாங்க. எல்லாரும் போட்டோ எடுக்கிறது இதுக்கிட்டதான், ஆனா என்ன கேட்டா அந்த சந்தும் நிழலும் பண்ற வேலைல கால்வாசி கூட இது பண்ணல. ஆகஸ்ட் மாச புழுக்கத்துல காத்துலயே ஈரம் ஊறி கிடக்கும்போது தண்ணி தெளிச்சு என்ன குளிரப் போகுது. நவம்பர் டூ மார்ச் அருமையா இருக்கும். அதனாலதான் வில்லா மொட்டை மாடில சிமெண்ட்ல பொய்யா ஒரு பர்ஜீல் ஒட்டி வச்சுட்டு "டிரெடிஷனல் டிசைன்"னு விக்கிறத பாக்கும்போது எனக்கு வருத்தமா இருக்கு, காசு போகுது, ஒரு துளி காத்தும் வராது.

குடும்பத்தோட இருக்கிறவங்களுக்கு இன்னும் முக்கியமானது 2017ல அங்க சாம்பிளுக்குன்னு கட்டுன வீடு, ஈகோ வில்லா. 405 சதுர மீட்டர், அதே அளவு சாதாரண அபுதாபி வில்லாவோட ஒப்பிட்டா கரெண்ட் சுமார் 72 சதவீதம் கம்மி, தண்ணி 35 சதவீதம் கம்மின்னு இந்த ஊர கட்டுற மஸ்தார் கம்பெனி சொல்றாங்க. ஒரு கட்டடம் சுற்றுச்சூழலுக்கு எவ்வளவு ஒத்துப் போகுதுன்னு ஸ்டாருக்கு பதிலா பேர்ல் (முத்து) கணக்குல மார்க் போடுற எஸ்திதாமான்னு ஒரு ரேட்டிங் அபுதாபில இருக்கு, அதுல இந்த வீட்டுக்கு நாலு பேர்ல். இங்க புது வீடு எதுவா இருந்தாலும் ஒரு பேர்ல் கட்டாயம், அதனால நீங்க பாக்கிற வீட்டுக்கு எத்தனை பேர்ல்னு வாய் தொறந்து கேளுங்க, புரோக்கர் அவரா சொல்ல மாட்டாரு.

குறையும் இருக்கு. 2016ல மொத்தமும் முடிஞ்சிடும்னு ஆரம்பிச்சது 2030 வரைக்கும் தள்ளிப் போயிடுச்சு, டிரைவர் இல்லாத காரு ஊர் பூரா ஓடும்னது முதல் கட்டத்தோட நின்னுடுச்சு. பின்னாடி வந்த பில்டிங்ல சிலது நல்லா இருந்தாலும் அந்த முதல் தெருவுல இருக்கிற நெருக்கமும் நிழலும் அங்க இல்ல, அகலமான ரோடு வந்துடுச்சு. எனக்கு இதுதான் பெரிய ஏமாற்றம், ஏன்னா அந்த முதல் தெருதான் இந்த ஊருக்குன்னு பொருத்தமா யோசிச்சு செஞ்சது.

என் ரேட்டிங் அஞ்சுக்கு நாலு. முடிஞ்சா முதல்ல அல் ஃபஹீதி போய் பழைய வீட்டோட பர்ஜீல் அடியில நின்னு பாத்துட்டு அப்புறம் இங்க வாங்க, எத எங்க இருந்து எடுத்திருக்காங்கன்னு தானா புரியும். நாலு மணிக்கு மேல போங்க, கூட சிவில் இஞ்சினியர் யாராவது இருந்தா அவங்களையும் கூட்டிட்டு போங்க.