தட்டு, சுத்தியல், கல்: உங்கள் மில்லுக்கு எந்த எந்திரம்?

சொந்தமாக ஒரு மாவு மில் போடலாம் என்று இறங்குகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை எச்பி வாங்கலாம்?" என்பதுதான். விற்பவருக்கும் அந்தக் கேள்வி பிடிக்கும். எச்பி, அதாவது மோட்டாரின் குதிரைத்திறன், கூடக்கூட விலையும் கூடும் அல்லவா! ஆனால் அதற்கு முன்னால் முடிவாக வேண்டியது வேறு. உங்கள் மில்லுக்கு வரப்போவது தூக்குவாளியில் 2 கிலோ மல்லியா, வண்டியில் வந்து இறங்கும் 50 கிலோ மூட்டைகளா? இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டால் பாதி எந்திரங்கள் தாமாகவே பட்டியலிலிருந்து விழுந்துவிடும்.

சிறு மில்லுக்குக் கிடைப்பவை பெரும்பாலும் மூன்று வகை. இரண்டு இரும்புத் தட்டுகளுக்கு நடுவே தானியத்தை நசுக்கித் தேய்க்கும் பிளேட் மில். சுழலும் சுத்தியல்களால் அடித்து நொறுக்கும் ஹேமர் மில். நம் ஊரில் எல்லோரும் பல்வரைசர் என்று சொல்வது இதைத்தான். மூன்றாவது, எமரிக் கற்களில் அரைக்கும் கல் சக்கி. நுண் உணவுப் பதப்படுத்தும் தொழில்களுக்காக மத்திய அரசு 2020-இல் கொண்டுவந்த திட்டத்தில் 35 சதவீத மானியம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை என்று அறிவிக்கப்பட்டது. அதன்பிறகு சுய உதவிக் குழுக்களும் மசாலா பாக்கெட் போட நினைக்கும் குடும்பங்களும் எந்திரக் கடைகளில் அதிகம் தென்படுகிறார்கள். மானியம் வருகிறதே என்று தேவைக்கு மேல் பெரிய பல்வரைசரை வாங்கி, வாரத்தில் பாதி நாள் சாக்கு போட்டு மூடி வைத்திருப்பவர்களும் உண்டு.

தெருமுனை மில்லில் இன்றைக்கும் ஓடுவது பெரும்பாலும் பிளேட் மில்தான். வரி வெட்டிய இரண்டு வார்ப்பிரும்புத் தட்டுகள் செங்குத்தாக நிற்கும். ஒன்று அசையாது, மற்றது நிமிடத்துக்குச் சில நூறு சுற்று சுற்றும். மேலே கொட்டுவதை உள்ளே இருக்கும் திருகு தட்டின் நடுப்பகுதிக்குத் தள்ள, அது வரிகளில் மாட்டி விளிம்புவரை தேய்ந்து மாவாக வெளியே வரும். பக்கத்தில் இருக்கும் கைச்சக்கரத்தைத் திருகினால் இடைவெளி குறையும், மாவு நைசாகும். தளர்த்தினால் ரவை. கோதுமையை ரவையாக உடைக்கவும், உளுந்தை இரண்டாக உடைக்கவும், மிளகாயை முதல் ஓட்டத்தில் கரகரப்பாகவும் அடுத்த ஓட்டத்தில் தூளாகவும் அரைக்கவும் ஒரே எந்திரம் போதும். எதையும் கழற்றி மாட்ட வேண்டியதில்லை.

இதன் பெரிய பலம் ஈரம். அதிரசத்துக்கும் இடியாப்பத்துக்கும் அரிசியை ஊறவைத்து, வடித்து, துணியில் போட்டு நிழலில் காயவைத்து, தொட்டால் ஈரம் தெரிகிற பதத்தில்தான் மில்லுக்குக் கொண்டுவருவார்கள். தட்டு மில்லுக்குச் சல்லடையே கிடையாது, அதனால் அடைப்பதற்கும் ஒன்றுமில்லை. மாவு கட்டி கட்டியாக வந்தாலும் வெளியே வந்துவிடும், வீட்டில் சலித்துக்கொள்ளலாம். தீபாவளிக்கு முந்தைய வாரம் வரிசை நிற்பது இந்த எந்திரத்தின் முன்னால்தான்.

பலவீனம் என்றால், தட்டு தேயும். தேய்ந்த இரும்பு எங்கே போகும்? மாவுக்குள்தான். உள்ளே தானியம் இல்லாமல் தட்டை நெருக்கி ஓட்டினால் இரும்பும் இரும்பும் உரசித் தேய்மானம் பல மடங்காகிவிடும். மாவில் ஒரு கருகல் வாடையும் ஏறும். நல்ல மில்காரர் தானியம் இறங்கத் தொடங்கிய பிறகே தட்டை நெருக்குவார், தீர்வதற்கு முன்பே தளர்த்திவிடுவார். வேலைக்கு ஆள் வைக்கும்போது முதலில் சொல்லித்தர வேண்டிய பாடம் இதுதான். வெளியே வரும் வாயில் ஒரு காந்தம் வையுங்கள். நாள் முடிவில் அதில் ஒட்டியிருப்பதைப் பார்த்தாலே தட்டின் நிலைமை தெரிந்துவிடும்.

பல்வரைசர் வேலை செய்யும் விதமே வேறு. இதில் தேய்ப்பு குறைவு, அடிதான் எல்லாம். சுத்தியல் நுனியின் வேகம் என்ன என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள சுழலி நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றினால் நுனி நொடிக்கு ஏறக்குறைய 63 மீட்டர் பாய்கிறது. மணிக்கு 225 கிலோமீட்டருக்கும் மேல். அந்த வேகத்தில் அடிபடும் மஞ்சள் கிழங்கு சில்லுச் சில்லாகி, உள்சுவரில் மோதி, மறுபடி அடிவாங்கி, சல்லடை ஓட்டையில் நுழைகிற அளவுக்குச் சிறிதானதும் வெளியேறும். எனவே நைசு எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது சல்லடைதான். அரை மில்லிமீட்டர் ஓட்டை போட்டால் தூள். 3 மில்லிமீட்டர் போட்டால் மாட்டுத் தீவனப் பதம். துகள்கள் சாய்வாகப் பாய்வதால், வெளியே வருவது ஓட்டையின் அளவைவிடச் சற்று சிறியதாகவே இருக்கும். இன்று அரைத்த மசாலாவும் அடுத்த மாதம் அரைப்பதும் ஒரே பதத்தில் இருக்க வேண்டும் என்றால் இந்த எந்திரம்தான் கைகொடுக்கும். கைச்சக்கரத்தைத் திருகுகிறவரின் கைப்பழக்கத்தை நம்பி பிராண்ட் நடத்த முடியாது.

சுத்தியலும் தேயும்தான். ஆனால் தட்டையான சுத்தியலுக்கு நான்கு மூலைகள் உண்டு. ஒன்று மழுங்கினால் திருப்பிப் போட்டு அடுத்ததை ஓட்டலாம். மாற்றும்போது எதிரெதிரே இருக்கும் சுத்தியல்கள் ஒரே எடையில் இருக்க வேண்டும். பழையதும் புதியதுமாகக் கலந்து மாட்டினால் எந்திரம் அதிரத் தொடங்கும், கொஞ்ச நாளில் பேரிங் போய்விடும். தானியத்தோடு ஓர் ஆணியோ கல்லோ போனால் சல்லடை கிழியும். கிழிந்தது தெரியாமல் ஒரு மூட்டை முழுக்க ஓட்டிவிட்டால் அத்தனையையும் மறுபடி சலிக்க வேண்டும். சத்தமும் அதிகம். குடியிருப்புப் பகுதியில் போடுகிறவர்கள் பக்கத்து வீட்டாரிடம் முதலிலேயே பேசிவிடுவது நல்லது.

ஈர அரிசிக்கு இது சரிப்படாதா? பெரிய ஓட்டைச் சல்லடையும், காற்றை இழுத்துத் தள்ளும் விசிறியான ப்ளோயரைப் பெரிதாகவும் வைத்து, அரைத்த மாவை உடனே வறுத்துவிடுகிற புட்டு மாவு ஆலைகளில் பல்வரைசர் ஓடத்தான் செய்கிறது. ஆனால் 5 எச்பி எந்திரத்தில் மெல்லிய சல்லடை போட்டுக்கொண்டு அதிரச அரிசியைக் கொட்டினால் கொஞ்ச நேரத்தில் ஓட்டைகள் பசை பூசியது போல அடைத்துவிடும்.

இப்போது சூட்டுக்கு வருவோம். கல் சக்கி விற்பவர்களின் விளம்பரம் இதில்தான் நிற்கிறது: "கல்லில் அரைத்தால் சூடேறாது, சத்து போகாது." உண்மை அப்படி இல்லை. மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனமான சி.எஃப்.டி.ஆர்.ஐ.யின் ஆய்வாளர்கள் நான்கு வகை மில்களில் கோதுமையை அரைத்து ஒப்பிட்டு 2001-இல் வெளியிட்டார்கள். கல் மில்லில் 90 டிகிரி செல்சியஸ், தட்டு மில்லில் 85, சுத்தியல் மில்லில் 55, மைதா ஆலைகளில் இருக்கும் ரோலர் மில்லில் 35. கல்தான் முதலிடம்! காரணம் புரியாத விஷயமும் இல்லை. கல்லிலும் தட்டிலும் தானியம் இரண்டு பரப்புகளுக்கு நடுவே சிக்கித் தேய்கிறது. தேய்ப்புச் சூடு முழுவதும் மாவில் இறங்குகிறது. பல்வரைசரில் அடிபட்டது காற்றோடு சேர்ந்து வெளியே பறந்துவிடுகிறது, ப்ளோயர் இழுக்கும் காற்றே குளிர்விக்கிறது. பாட்டி சுற்றிய திருகை சூடாகாதது கல் என்பதால் அல்ல, மெதுவாகச் சுற்றியதால். மோட்டார் மாட்டி வேகமாகச் சுற்றும் சக்கிக்கு அந்தப் பெருமையைக் கடன் கொடுக்க முடியாது. கையால் சுற்றும் வேகத்தில் ஓடுகிற சிறிய கல் எந்திரங்கள் உண்டுதான். அவை மெதுவாக அரைப்பவை. கூலிக்கு அரைத்துப் பிழைக்க ஆகாது.

அப்படியென்றால் கல் சக்கி வீணா? சப்பாத்திக்கு அதை மிஞ்ச ஆளில்லை. அழுத்தித் தேய்ப்பதால் கோதுமையின் மாவுச்சத்துத் துகள்கள் ஓரளவு சிதைகின்றன, சிதைந்த துகள் கூடுதலாகத் தண்ணீர் குடிக்கும். பிசைந்த மாவு இளகி நிற்பதும் சப்பாத்தி நேரம் கழித்தும் மென்மையாக இருப்பதும் அதனால்தான். வட இந்தியா முழுக்கச் சக்கி ஆட்டா என்று கேட்டு வாங்குவதில் விஷயம் இருக்கிறது. கேழ்வரகுக்கும் கம்புக்கும் சக்கி நன்றாகவே வரும். ஆனால் மல்லி, மிளகாய் மாதிரி எண்ணெய்ப் பசை உள்ளதை அதில் போடக் கூடாது. கல்லின் சொரசொரப்புக்குள் பசை ஏறி வழவழப்பாகிவிடும்; வாசமும் போகாது. கல்லை அவ்வப்போது கொத்தியாக வேண்டும், கொத்தத் தெரிந்த ஆள் பக்கத்தில் வேண்டும். கொத்திய பிறகு சில கிலோ தவிட்டையோ கழிவுத் தானியத்தையோ ஓட்டிக் கொட்டிவிட வேண்டும். இல்லையென்றால் முதல் வாடிக்கையாளரின் சப்பாத்தியில் மணல் நறநறக்கும். உங்கள் ஊரில் கோதுமை நிறைய வராது என்றால் இந்த எந்திரத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

மசாலாவுக்குச் சூடு இன்னும் பெரிய பகை. மல்லி, சீரகம், மிளகு ஆகியவற்றின் மணம் எளிதில் ஆவியாகும் எண்ணெய்களில் இருக்கிறது. மில் முழுக்க கமகமவென்று மணக்கிறது என்றால் அந்த மணம் பொடியை விட்டுப் போய்விட்டது என்று அர்த்தம். பெரிய நிறுவனங்கள் குளிர்நீர் ஓடும் உறை வைத்த எந்திரங்களைப் பயன்படுத்துகின்றன; மைனஸ் 196 டிகிரியில் கொதிக்கும் திரவ நைட்ரஜனை ஊற்றி அரைக்கும் முறையும் உண்டு. நமக்கு அதெல்லாம் கட்டாது. விடியற்காலையில் அரைப்பது, மேலே தானியம் கொட்டும் ஹாப்பரில் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது, அரைத்ததும் பரப்பி ஆறவிட்டுப் பிறகு பாக்கெட்டில் அடைப்பது என்று இந்தப் பழக்கங்களே போதும். மசாலாவைப் பொறுத்தவரை பல்வரைசர்தான் என் தேர்வு, சந்தேகமே இல்லை.

"எங்களுடையது பவுடர் மாதிரி நைசாக அரைக்கும்" என்று விற்பவர் சொல்லும்போது இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். அரைக்க ஆகும் சக்தி, புதிதாக உண்டாகும் பரப்புக்கு ஏற்ப ஏறும் என்று 1867-இலேயே ஆஸ்திரியச் சுரங்கப் பொறியாளர் ரிட்டிங்கர் சொல்லியிருக்கிறார். அவர் பேசியது தாதுக்கல் உடைப்பதைப் பற்றி. ஆனால் மல்லிக்கும் அது ஓரளவு பொருந்தும். துகளின் அளவைப் பாதியாக்கினால் பரப்பு இரட்டிப்பாகும். அதாவது 1 மில்லிமீட்டர் சல்லடையைக் கழற்றி அரை மில்லிமீட்டர் போட்டதும் அதே மோட்டாரில் மணிக்கு அரைக்கும் அளவு சுமார் பாதியாக இறங்கலாம், கரண்ட் செலவு கிலோவுக்கு இரட்டிப்பாகலாம். விளம்பரத்தில் போட்டிருக்கும் "மணிக்கு இத்தனை கிலோ" எந்தச் சல்லடையில், எந்தப் பொருளுக்கு என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அடுத்த கடைக்குப் போகலாம்.

இத்தனை சாதகம் இருந்தும் தெருமுனையில் ஏன் பல்வரைசர் தட்டு மில்லை முழுக்க விரட்டவில்லை? அங்கேதான் தூக்குவாளி வருகிறது. பல்வரைசரில் அரைபட்டது குழாய் வழியாக, காற்றைச் சுழற்றி மாவைப் பிரிக்கும் புனல் போன்ற சைக்ளோனுக்குப் போய், மிச்சம் துணிப்பையில் வடிகட்டப்பட்டு இறங்குகிறது. வழியெங்கும் ஒட்டிக்கொள்ளும். ஒரு நாள் முழுக்க மல்லி ஓடும் ஆலையில் அது பெரிய விஷயமே இல்லை. 2 கிலோ கொண்டுவரும் அம்மாவுக்குப் பெரிய விஷயம். கொடுத்த எடை திரும்பி வராது, முன்னால் வந்தவரின் மிளகாய்க் காரம் இவருடைய கேழ்வரகு மாவில் ஏறும், அப்புறம் பச்சைக் குழந்தைக்குக் கூழ் காய்ச்சும்போது சண்டைதான். தட்டு மில்லில் தங்குவது கொஞ்சம்; ஒரு கைப்பிடி அரிசியை ஓட்டி, மூடியைத் தட்டிக் கொடுத்துவிட்டால் முடிந்தது. வாடிக்கையாளர் நின்று பார்க்கவும் முடிகிறது. கூலி அரவைக்கு இந்த நம்பிக்கைதான் முதலீடு. ஆகவே தெருவுக்கு அரைக்கிறீர்கள் என்றால் இரண்டு பிளேட் மில் போடுங்கள், மாவுக்கு ஒன்று, மிளகாய்க்கு ஒன்று. பாக்கெட் போட்டு விற்கிறீர்கள் என்றால் பல்வரைசர். இரண்டையும் ஒரே எந்திரத்தில் செய்யப் பார்ப்பவர்கள்தான் திண்டாடுகிறார்கள்.

வீட்டுக்குள் வைக்கும் சிறு மில்களைப் பற்றியும் கேட்கிறார்கள். குஜராத்தில் கர்கண்டி என்று சொல்லும் அலமாரி போன்ற அந்தப் பெட்டி, 1 எச்பி மோட்டாரில் ஓடும் குட்டிப் பல்வரைசர்தான். கோதுமை, கேழ்வரகு, சத்துமாவு அரைத்துக்கொள்ளும் குடும்பத்துக்கு நல்ல பொருள். மஞ்சளுக்கும் ஈர அரிசிக்கும் அல்ல. அதை வைத்துக் கடை நடத்த முடியாது.

தூசியைப் பற்றி ஒரு வார்த்தை. காற்றில் மிதக்கும் மாவு வெடிமருந்து போன்றது. 1878-இல் அமெரிக்காவின் மினியாபொலிஸில் வாஷ்பர்ன் மாவு ஆலை வெடித்து 18 பேர் இறந்தார்கள். தானியம் இல்லாமல் உரசிய அரைகற்களின் பொறிதான் தூசியில் பற்றியது என்று சொல்லப்படுகிறது. நம் சிறு மில்லில் அந்த அளவு தூசி சேராது என்றாலும், துணிப்பையை உதறாமல் விடுவதும், பறக்கும் மாவுக்கு நடுவே தளர்ந்த ஒயரோடு சுவிட்ச் போர்டு தொங்குவதும் சரியில்லை. பை அடைத்தால் காற்றோட்டம் குறைந்து அரவையும் குறையும், சூடும் ஏறும். அந்தக் கணக்குக்காகவாவது உதறுங்கள்.

கடைசியாக வாங்கும் நேரம். 7.5 எச்பி என்றால் ஏறத்தாழ 5.6 கிலோவாட், முழுச் சுமையில் ஒரு மணி நேரம் ஓடினால் 6 யூனிட்டுக்கு மேல் போகும். மூன்று பேஸ் இணைப்பு கிடைக்க எவ்வளவு நாளாகும் என்று மின்வாரிய அலுவலகத்தில் விசாரித்துவிட்டு முன்பணம் கொடுங்கள். பளபளக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உடம்பைக் காட்டுவார்கள். தேயப்போகும் சுத்தியலும் சல்லடையும் எந்த உலோகம், மாற்று உதிரி எத்தனை நாளில் வரும் என்று கேளுங்கள். நீங்கள் அரைக்கப்போகும் அதே மிளகாய், அதே மல்லியில் ஒரு மூட்டையை எடுத்துப்போய் அவர்கள் பட்டறையிலேயே ஓட்டச் சொல்லுங்கள். எடை போட்டுக் கொடுங்கள், எடை போட்டு வாங்குங்கள், வெளியே வரும் பொடியில் தெர்மாமீட்டரைச் செருகிப் பாருங்கள்.