4,100 ரூபாய் கோட் சூட்டும் 11 நேர்காணல்களும்

2019-இல் பாளையங்கோட்டையின் ஒரு சிறு தையற்கடையில் கருநீலக் கோட் சூட் ஒன்று தைத்துக்கொண்டேன். பாலியஸ்டர் விஸ்கோஸ் கலந்த துணி மூன்றேகால் மீட்டர் 1,300 ரூபாய், லைனிங்குடன் தையல்கூலி 2,800 ரூபாய். அதை அணிந்து இதுவரை 11 நேர்காணல்களுக்குச் சென்றிருக்கிறேன். வேலை கிடைத்தது இரண்டில்தான் என்றாலும் அந்தப் பழியைக் கோட்டின்மேல் போட மாட்டேன்.

ரெடிமேட் கோட் எதுவும் என் தோளில் ஒழுங்காக உட்கார்ந்ததில்லை. அளவெடுத்த அண்ணாச்சி, "தம்பிக்கு வலத்தோள் அரை விரக்கடை இறக்கமா இருக்கு" என்று சொல்லி, அந்தப் பக்கம் மட்டும் கூடுதலாகப் பஞ்சுப் பட்டை வைத்தார். நூலோட்டிய நிலையில் ஒருமுறை போட்டுப் பார்த்தபோதே கழுத்துக்குப் பின்னால் சுருக்கம் இல்லை, இன்றும் இல்லை.

குறை நெஞ்சுப் பகுதியில் வந்தது. நெஞ்சுப் பகுதி விறைப்பாக நிற்க உள்ளே வைக்கும் கேன்வாஸ் துணியைக் கையால் தைக்கக் கூலி அதிகம் என்பதால், வெப்பத்தில் உருகி ஒட்டும் பசைத்துணியையே உள்ளே வைத்திருந்தார். மூன்றாவது டிரை வாஷுக்குப் பிறகு பசை விட்டு, பொரித்த அப்பளத்தில் எழும்புவதுபோல இடது மார்பில் கொப்புளங்கள் எழுந்தன. ஈரத்துணி போட்டுத் தேய்த்தால் அமுங்குகின்றன. ஒரு மாதத்தில் மீண்டும் எழும்புகின்றன. இப்போதெல்லாம் அணிந்த பிறகு நிழலில் காற்றாட மாட்டிவைப்பதோடு சரி, டிரை வாஷுக்கு ஆண்டுக்கு ஒருமுறைதான் கொடுக்கிறேன்.

வெயிலைப் பற்றி நெல்லைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பாலியஸ்டர் லைனிங் வியர்வையை உறிஞ்சாது என்பதால், அக்னி நட்சத்திர நாளில் வண்ணார்பேட்டையில் பேருந்தை விட்டிறங்கி அரைக் கிலோமீட்டர் நடந்ததிலேயே சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. முதுகுப் பக்கம் லைனிங் வேண்டாம் என்று தைக்கக் கொடுத்தபோதே சொல்லியிருக்கலாம். அதன்பின் கோட்டை உட்புறம் வெளியே வரும்படி மடித்துக் கையில் கொண்டுபோய், வரவேற்பறையில்தான் அணிகிறேன். சென்னை நேர்காணல் என்றால் நெல்லை எக்ஸ்பிரஸில் இரவு முழுவதும் ஹேங்கரோடு கொக்கியில் தொங்கும்.

2023-க்குள் ஏழு கிலோ கூடிவிட்டேன். பேண்டின் பின்தையலில் அண்ணாச்சி ஒன்றரை அங்குலம் துணி விட்டுவைத்திருந்ததால், 200 ரூபாயில் இடுப்பைத் தளர்த்த முடிந்தது. ஆனால் அதுவரை உள்ளே இருந்த துணி நிறம் மங்காமல், பின்புறம் புத்தம்புதுக் கருநீலத்தில் ஒரு கோடாகத் தெரிகிறது. "கோட்டைக் கழற்றிவிட்டு வசதியாக உட்காருங்கள்" என்று யார் சொன்னாலும், பரவாயில்லை சார் என்று சொல்லிவிடுகிறேன்.